தெரியவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்

கண் மருத்துவமனையில் ஃபீல்டு டெஸ்ட் எடுக்கும் இருட்டறையில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. பார்வைப் புலப் பரிசோதனை என்று பலகையில் எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உள்ளே வருகிற பெரியவர்கள் பலரும் பரீட்சை ஹாலுக்கு வருகிற முகத்தோடுதான் வருவார்கள். முடித்து எழுந்ததும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உட்பட, கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மார்க்கு தம்பி?"

இந்தப் பரிசோதனையில் மார்க்கு கிடையாது. ஒரு கண்ணை மூடி, நாடியை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுவில் உள்ள விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு ஒளிப்புள்ளி மின்னினால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். வழக்கமாக எடுக்கும் ஒரு முறையில் இப்படி 54 இடங்கள் சோதிக்கப்படும். புள்ளி தெரிந்தால் கருவி வெளிச்சத்தைக் குறைக்கும், தெரியாவிட்டால் கூட்டும். உங்களுக்குத் தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவிலுள்ள எல்லையைத்தான் அது தேடுகிறது. ஆகவே நல்ல கண்ணுக்கும் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு மங்கலாகக் காட்டுகிறார்கள்.

இதை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மனசு கேட்காது. கொஞ்ச நேரம் எதுவும் தெரியாவிட்டால், "மெஷின் நின்னு போச்சா?" என்பார்கள். அப்புறம் ஊகத்தில் அமுக்கத் தொடங்குவார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகியவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். ஆசிரியர்கள், வக்கீல்கள், குடும்பத் தலைவர்கள்.

கருவி அவர்களைப் பிடித்துவிடும். ஒளியே காட்டாத நேரத்தில் பட்டன் அமுங்கினால் கணக்கு வைத்துக்கொள்ளும். இன்னொரு உபாயமும் உண்டு. நம் ஒவ்வொரு கண்ணிலும், பார்வை நரம்பு வெளியேறும் இடத்துக்கு நேராக, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுமார் 15 டிகிரி தள்ளி, எதுவுமே தெரியாத ஒரு திட்டு இருக்கிறது. பிரான்ஸ் தேசத்து மரியோட் 1660களில் கண்டு சொன்னது. அங்கே வேண்டுமென்றே ஒரு புள்ளியைக் காட்டும். அதற்கும் அமுக்கினால் கண் நடுவிளக்கை விட்டு அலைகிறது என்று அர்த்தம். ஊகத்தில் அமுக்கித் தள்ளியவரின் ரிப்போர்ட் வெள்ளை வெளேரென்று வரும். பார்க்க அழகு. அடியில் நோய் இருந்தாலும் மறைந்துவிடும்.

முன்பு இப்படிப் பிடிக்கும் வசதி இல்லை. டென்மார்க்கின் பியெரும் என்பவர் 1889இல் தன் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாக்கிப் பார்வைப் புலத்தை அளந்தார். அந்த வழியில் வந்த கறுப்புத் திரையில்தான் நான் தொழில் பழகினேன். கறுப்புக் குச்சியின் நுனியில் வெள்ளை மணியை வைத்து நகர்த்துவோம். கெட்டிக்கார நோயாளிகள் மணியைப் பார்க்க மாட்டார்கள். என் தோள் அசைவதைப் பார்த்துத் "தெரியுது" என்பார்கள். ஸ்விட்சர்லாந்தின் கோல்ட்மன் 1945இல் கிண்ணக் கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் பின்னணி வெளிச்சமும் புள்ளியின் அளவும் எல்லா ஊரிலும் ஒன்றாயின. அதற்குப் பிறகு கணினி வந்தது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்காக? முக்கியமாகக் கிளௌகோமா என்ற கண் நோய்க்காக. அதில் பெரும்பாலும் வலி இல்லை. நேர்ப்பார்வை கடைசி வரைக்கும் நன்றாக இருக்கும். ஓரங்கள்தான் முதலில் போகும். போன இடம் கறுப்பாகத் தெரியாது. ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டும்; மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடும். கதவு நிலையில் தோள் இடிக்கும், படி தவறும். "இவருக்கு எப்பவுமே கவனம் கிடையாது" என்று வீட்டம்மா சொல்வார், அவரும் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வு செய்தபோது, கிளௌகோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. என் வயதுக்காரர்களைக் கல்யாண வீட்டில் பார்க்கிறேன். பேரனின் படிப்பு, மருமகளின் வேலை, வாங்கப்போகும் மனை என்று எதைக் கேட்டாலும் உடனே தீர்ப்பு. ஒளியே காட்டாதபோது பட்டன் அமுக்குகிறார்களே என்று தோன்றும். "எனக்குத் தெரியலப்பா, விவரம் தெரிஞ்சவங்கள்ட்ட கேளு" என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. சொல்லிப் பார்த்தால் வீட்டில் பேச்சுவார்த்தை கூடுவதைக் காண்பீர்கள்.

உங்களுக்கு இந்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். தாராளமாகக் கண் சிமிட்டலாம். களைத்தால் சொல்லுங்கள், நிறுத்தி வைப்பார்கள். முதல் தடவை சரியாக வராமல் மறுபடி எடுக்கச் சொன்னால் கோபம் வேண்டாம். பழக்கம் வந்த பிறகுதான் முடிவு நம்பும்படி இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், நோய் நகர்கிறதா என்பது அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இழந்த புலம் திரும்ப வராது; சொட்டு மருந்தும் அறுவை சிகிச்சையும் மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்றும். கிளௌகோமா குடும்பத்தில் தொடரக்கூடியது. உங்களுக்கு இருப்பது உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.