இரு சொற்களின் விலை

ஊருக்கொரு படியும் கடைக்கொரு மரக்காலும் இருப்பின் வாணிகம் தழையாது. அதுபோலவே, செய்திக் கருவிகள் எவர் செய்தனவாயினும் ஒன்றன் மொழியை ஒன்று அறிதற்பொருட்டுப் பொதுவிதிகள் சில வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைத் ‘தரம்’ என வழங்குவர். வைஃபைக்குரிய 802.11 என்பது அவற்றுள் ஒன்று. அசையும் படங்களைச் சுருக்கி அனுப்புதற்குரிய எச்.264 என்பது மற்றொன்று. முன்னதை ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் சங்கமும், பின்னதை ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் பிறரும் வகுத்தனர்.

ஈண்டு ஒரு சிக்கல் உளது. தரத்தினுள்ளே புகும் உத்திகள் பல, தனித்தனிக் கம்பெனிகளின் பேட்டண்டு உரிமைக்கு உட்பட்டவை. தரம் வகுக்கப்படுமுன் ஓர் உத்திக்கு மாற்று நான்கு இருக்கலாம். வகுக்கப்பெற்று உலகெங்கும் பரவியபின் மாற்று ஒன்றும் இல்லை. அப்பொழுது உரிமையாளர் கேட்கும் தொகை உத்தியின் விலைதானோ, அன்றி ஆற்றின்மேலுள்ள ஒற்றைப் பாலத்தை மறித்து நின்று கேட்கும் சுங்கமோ? இதனை அஞ்சியே சங்கங்கள் உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வாக்குறுதி பெறுகின்றன. கேட்பவர் யாவர்க்கும் நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம் அளிப்போம் என்பதே அது.

தமிழ் பயிலும் எம் கண்கள் அவ்விரு சொற்களிலேயே நின்றுவிட்டன. இரண்டும் பெயர்க்கு அடையாய் வருவன. எண் ஒன்றேனும் அவற்றுள் இல்லை. எண்ணைக் குறித்திருப்பின் அத்துணைக் கம்பெனிகளும் ஒருங்கே கையொப்பம் இட்டிரா என்று எண்ணுகின்றோம். ஆயின், அன்று விடப்பட்ட எண்ணைப் பின்னொருநாள் யாரேனும் இட்டே தீரவேண்டுமன்றோ?

அமெரிக்காவில் அந்நாள் வந்தது. 2010 அக்டோபரில் மோட்டோரோலா கம்பெனி மைக்ரோசாப்டிற்கு இரு கடிதங்கள் விடுத்தது. எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியும் விண்டோஸ் கொண்ட கணினிகளும் தன் உத்திகளைக் கையாளுதலால், முழுப்பொருளின் விற்பனை விலையில் நூற்றுக்கு 2.25 வீதம் தரவேண்டும் என்று கேட்டது. சிறியதோர் எண்ணாகத் தோன்றும் அது, ஆண்டொன்றுக்கு 400 கோடி டாலரையும் கடக்கும் என்றது மைக்ரோசாப்ட்; நவம்பரில் சியாட்டில் நகர வழக்குமன்றத்தில் வழக்கும் தொடுத்தது.

வாக்குறுதி பெற்றவை சங்கங்களே, மைக்ரோசாப்ட் அன்று. ஆயினும், எவர் நன்மை கருதி ஒரு வாக்கு உரைக்கப்பட்டதோ அவரும் அதனை வற்புறுத்தலாம் என்று மன்றம் கொண்டது. உடன்படிக்கை என்னும் சொல்லை வேதாகம வகுப்பில் இளமைதொட்டுக் கேட்டு வளர்ந்த எமக்கு, வழக்கு முழுவதிலும் பெரிதாய்த் தோன்றியது இதுவே. பின்னர் வந்த தொகைகளை மறப்பினும் இதனை மறவோம்.

நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் 2013 ஏப்ரலில் இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பொன்று வரைந்தார். எச்.264-இல் மோட்டோரோலாவின் உரிமைகள் பெரும்பாலும், படத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி விடுக்கும் பழைய தொலைக்காட்சி முறையைச் சார்ந்தவை. மைக்ரோசாப்டின் பொருள்களுக்கு அம்முறை சிறிதே பயன்பட்டது. மேலும், 802.11-இல் உரிமை உடையேம் என்பார் குறைந்தது 92 பேர்; அவர் ஒவ்வொருவரும் மோட்டோரோலாவைப் போன்றே கேட்பின், உரிமத்தொகையே எக்ஸ்பாக்ஸின் விலையை விஞ்சிவிடும் என்று அவர் கணக்கிட்டார். இவற்றை எல்லாம் சீர்தூக்கி, எச்.264-க்குப் பொருளொன்றுக்கு 0.555 சென்டும், எக்ஸ்பாக்ஸில் 802.11-க்கு 3.471 சென்டும் தகும் என்றார். ஆண்டுத்தொகை ஏறத்தாழ 18 லட்சம் டாலர் ஆயிற்று. 2015-இல் மேல்முறையீட்டு மன்றமும் இதனை உறுதிசெய்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே இத்துணைத் தொலைவு இருக்குமாயின், ‘நியாயமான’ என்னும் அடைமொழி எத்துணை அகலமுடையது பாருங்கள்!

இதனால் உரிமையாளரே என்றும் பிழையுடையர் என்று கொள்ளுதல் பொருந்தாது. உத்தியைக் கையாண்டுகொண்டே, பேச்சுவார்த்தையை ஆண்டுக்கணக்கில் நீட்டித்துத் தொகை கொடாதிருப்பாரும் உளர். நம் நாட்டு லாவா கைப்பேசிக் கம்பெனி, சுவீடன் நாட்டு எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பல்லாண்டு உழைத்து அலைக்கற்றையின் நுட்பம் கண்டவருக்குக் கூலி மறுக்கப்படுமாயின், அடுத்த தரத்திற்கு அறிவை ஈவார் யார்?

எனினும் ஒன்று எம்மை உறுத்துகின்றது. இவ்வுரிம ஒப்பந்தங்களுள் மிகப்பல மறைபொருளாகவே வைக்கப்படுகின்றன. பாரபட்சம் இல்லை என்பதனை, அயலான் கொடுத்த தொகை அறியாது எங்ஙனம் அறிவது? சென்ற ஆண்டு யாம் வாங்கிய கைப்பேசியின் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தோம். விலை அதில் இருந்தது. வரியும் பைசா பிசகாமல் குறிக்கப்பட்டிருந்தது. உரிமத்தொகைக்கென ஒரு வரியும் இல்லை.