ஆழம்

என் விமர்சனங்களில் நான் அதிகம் செலவழித்த சொல் இது. யார் கவிதையில் இருக்கிறது, யார் கவிதையில் இல்லை என்று பல வருஷங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒருவனுக்கு இல்லை என்று எழுதினேன். அதன்பின் அவன் எழுதவில்லை.

ஜெர்மனியின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லையோரம் கோனிக்ஸே ஏரி. மகள் அழைத்துப்போனாள். பனியுகத்தில் பனியாறு குடைந்துவிட்டுப்போன பள்ளம். நீளம் எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆழம் 190 மீட்டர். பாறைச் சுவர்கள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. பெரும்பகுதியில் நடக்கக் கரையே கிடையாது. ஆகவே படகு. 1909 முதல் மின்சாரப் படகுகள், சத்தமில்லை.

நடுவழியில் படகை நிறுத்தி, படகுக்காரர் ட்ரம்பெட்டில் ஒரு வரி ஊதினார். மலை அதைத் திருப்பிச் சொல்லிற்று. பிறகு காசு வசூல். தாராளமாகவே கொடுத்தேன். நூறு பேருக்குப் பத்திரிகை நடத்துகிறவனுக்கு எதிரொலியின் விலை தெரியும்.

ஒரு பாறையில் சிலுவை. 1688இல் படகு கவிழ்ந்து யாத்ரீகர்கள் எழுபது பேருக்கு மேல் மூழ்கிய இடம். படகில் யாரும் வெகுநேரம் அதைப் பார்க்கவில்லை, நானும்தான்.

புனித பர்த்தலோமேயு கோயிலருகே இறங்கினோம். சிவப்புக் கும்மட்டங்கள், பின்னால் வாட்ஸ்மன் மலை. ஓடை அடித்துவந்த கல்லும் மணலும் சேர்ந்து உண்டான திட்டு அது. மகள் நீந்தப் போய்விட்டாள். "வாங்கப்பா" என்றாள்.

நான் கிணற்றில் நீந்தப் பழகியவன். எங்கள் ஊரில் முங்கி அடிமண் ஒரு பிடி எடுத்து வந்து காட்டவேண்டும்; இல்லாவிட்டால் அடியைத் தொட்டதாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எலும்பில் குத்தும் குளிரில் மார்பளவுக்குப் போனேன். என் கால்விரல்கள், கூழாங்கற்கள், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. சற்றுத் தள்ளித் தரை சரிந்தது. பச்சை கறுத்தது. அங்கே நின்றுவிட்டேன்.

"அடியத் தொடணும்னு யார் கேட்டா? சும்மா மிதங்க."

நாலு கை வீசினேன். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று உடம்புக்குத் தெரிந்ததும் திரும்பிவிட்டேன். அவள் சிரித்தாள். அவளுக்கும் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய மதிப்புரையைத் தேடி எடுத்தேன். மூன்று பக்கத்தில் ஏழு இடத்தில் அந்தச் சொல். அவன் கவிதையிலிருந்து ஒரு வரிகூட மேற்கோள் காட்டியிருக்கவில்லை.