தேய்த்த கைகளின் நிறம்

வீடு கட்டிய கதை எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆண். மணல் என்ன விலைக்கு வந்தது, கம்பி எத்தனை டன் போனது, கொத்தனார் எத்தனை நாள் இழுத்தடித்தார் என்று கதை போகும். கட்டிய வீட்டைத் துடைத்த கதையை யாரும் சொல்வதில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றுமில்லை என்று நாமே நம்பப் பழகியிருக்கிறோம்.

திருச்சியில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருப்பவை 1997-இல் பதித்த டைல்ஸ். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். வெளிர்பழுப்பு நிறம். நான்குக்கு ஒன்றில் திராட்சைக் குலையும் நீண்ட காம்புள்ள ஒயின் கோப்பையும். எங்கள் வீட்டில் யாரும் ஒயினைக் கண்டதில்லை. அந்தக் கோப்பையின் மேல் தினமும் கடுகுதான் வெடித்திருக்கிறது. டைல்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் என் மாமனார், கொத்தனார், கடைக்காரர். மூவரில் ஒருவரும் அந்தச் சமையலறையில் ஒரு வேளை சமைத்தவர் அல்லர். அத்தையை யாரும் கேட்கவில்லை. "லாரியில வந்து இறங்கினப்பதான் பார்த்தேன்" என்று ஒருநாள் சொன்னார். அதில் குறையின் தொனிகூட இல்லை. மழை பெய்த தேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டைல்ஸின் மேலிருக்கும் மெருகு ஏறக்குறைய கண்ணாடிதான். சுடுமண் பலகையின் மேல் ஆயிரம் டிகிரிக்கும் அதிகமான சூட்டில் உருகிப் படிந்தது. எண்ணெயோ தண்ணீரோ உள்ளே இறங்காது. "துடைச்சாப் போயிடும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். துடைப்பவள் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இடுக்குகளில் பூசிய வெள்ளைச் சிமென்ட்டோ எண்ணெயைக் குடிக்கும், மஞ்சளையும் குடிக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இடுக்கு இடுக்காகத் தேய்ப்பார். 2004-இல் மருமகளாக வந்தபின் நானும் ஒரு கை சேர்ந்தேன். பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அடுப்பைச் சுற்றி மெருகே மங்கிவிட்டது.

சுவர் எப்போதும் இப்படி நம் கையைவிட்டுப் போயிருக்கவில்லை. என் அம்மாச்சி மண்வீட்டில் வாழ்ந்தவர். தை பிறக்குமுன் செம்மண் குழைத்துப் பூசுவதும், சுண்ணாம்பு அடிப்பதும், தரையைச் சாணியால் மெழுகுவதும் அந்தத் தெருப் பெண்களின் வேலை. எந்த இடத்து மண் நல்ல நிறம் கொடுக்கும், சுண்ணாம்பில் எவ்வளவு நீலம் கலந்தால் வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். இடுப்பொடிக்கும் வேலை அது, கூலியும் கிடையாது. ஆனால் பூசிய கைதான் பூச்சைத் தீர்மானித்தது. சிமென்ட் வந்தது, டைல்ஸ் வந்தது, பொருளுக்கு விலை ஏறியது. விலை ஏறியதும் தீர்மானிப்பது ஆண்களிடம் போயிற்று. துடைப்பது மட்டும் பெண்களிடம் மிஞ்சியது. கட்டுமானத் தொழிலிலும் இதுதான் நடப்பு. செங்கல்லும் கலவையும் சுமக்கிற பெண் எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் சித்தாள்தான். கரண்டி பிடிப்பவர் கொத்தனார். கூலியும் அந்தப் பெயரைப் பொறுத்தே.

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும். நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறித்து அரண்மனைக்கு மனை வகுக்கிறார்கள். செம்பை ஒத்த நெடிய சுவர் வருகிறது, அதில் எழுதிய பூங்கொடி வருகிறது. அந்தச் சுவர்களுக்குள் அரசி பிரிவில் கிடக்கிறாள். "அரசிக்கு அந்தக் கொடி பிடிச்சிருந்ததா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நச்சினார்க்கினியர் கேட்காத கேள்வி.

எங்கள் சுவரை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கலாம் என்றார்கள். உடைத்தால் பத்து நாள் சமையலறை மூடிக் கிடக்கும். மூடிக் கிடப்பது சமையலறைதானே தவிர, சமையல் அல்ல. கூடத்தில் மின்னடுப்பை வைத்துச் சமைத்து, வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு வேளை டீயும் போட்டு, தூசியையும் பெருக்கியாக வேண்டும். இருக்கும் டைல்ஸின் மேலேயே பெயின்ட் அடித்தால் செலவு குறைவு, நாமே செய்துவிடலாம் என்றேன்.

என் கணவருக்கு முகம் சுருங்கியது. "அப்பா பார்த்துப் பார்த்து வாங்கினது. யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க?"

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவர் வாங்கினார்ப்பா. இருபத்தேழு வருசமாத் தேய்ச்சது நான். என்னைக் கேட்டாச்சு."

நிறம் கேட்டபோது மட்டும் தடுமாறினார். "எனக்கென்னம்மா தெரியும், நீயே சொல்லு" என்று இரண்டு நாள் நழுவினார். எழுபத்து நான்கு வயதுவரை யாரும் கேட்காத கேள்விக்கு உடனே பதில் வராது. மூன்றாம் நாள் கடைக்கு அழைத்துப் போனேன். கடைப்பையன் நிற அட்டையை விரித்து எண்களாகச் சொல்லிக்கொண்டே போனான். அத்தை எண்களைக் கேட்கவே இல்லை. "இது மயில்கழுத்து. இது அரக்கு. இது வெங்காயத்தோல்" என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "வாழைக்குருத்து. இது வேணும்." சேலைக் கடைகளில் நின்று பழகிய மொழி அது. ஒரு சுவருக்காக அதை அவர் பேசியது அன்றுதான் முதல்முறை.

மே விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். செய்ய நினைப்பவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று ஒலித்தால் பின்னால் பிடிப்பு விட்டிருக்கிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகு, 220-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்க்க வேண்டும். பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும். ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது. நன்றாகக் காய்ந்தபின் கண்ணாடிப் பரப்பிலும் ஒட்டும் பிரைமர். அதற்கு மேல் எபாக்சி பெயின்ட், மெல்லியதாக இரண்டு கோட். ஹார்டனர் கலந்த எபாக்சி சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், முகக்கவசம் அவசியம். அடுப்புக்கு நேர் பின்னால் சூடு அதிகம் என்பதால் அங்கே பெயின்ட் அடிக்காமல் எவர்சில்வர் தகடு பொருத்தினோம்.

மெருகு கெட்டால்தான் பெயின்ட் பிடிக்கும். அதற்காகத்தான் வாட்டர் பேப்பர். அடுப்பைச் சுற்றியிருந்த டைல்ஸில் அதற்கு வேலையே இருக்கவில்லை. "இங்கல்லாம் நான் எப்பவோ தேய்ச்சு முடிச்சாச்சு" என்று அத்தை சிரித்தார்.

இந்த வேலையைப் பெரிய விடுதலையாக நான் எழுதப்போவதில்லை. பெயின்ட் வீட்டின் தோல் மட்டும்தான். சாய்வெயில் படும்போது அடியிலிருக்கும் திராட்சையின் விளிம்பு இன்னும் தெரிகிறது. சில ஆண்டுகளில் இங்கங்கே பெயரவும் செய்யும். தோலை மாற்றுவதால் பட்டா மாறிவிடாது.

பட்டாவை நான் இழுக்கவில்லை, அத்தைதான் இழுத்தார். கடைசிக் கோட் முழுதாக இறுக ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது. தேய்க்க ஏதுமில்லாத அந்த வாரத்தில் ஒரு மாலை, "இந்த வீடு இப்ப யார் பேர்லம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகன்களுக்கு நிகரான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது, 2005-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. மாமனார் 2001-இல் உயில் எழுதாமல் இறந்தார். சொந்த வருமானத்தில் கட்டிய வீடு. சட்டப்படி அத்தைக்குப் பங்கு இருந்தது. அந்த ஆண்டே அவரையும் நாத்தனாரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். யாரும் மிரட்டவில்லை. வழியில் காபிகூட வாங்கிக் கொடுத்தார்களாம். பத்திரத்தை வாசித்துக் காட்டத்தான் ஆள் இருக்கவில்லை. லாரியிலிருந்து டைல்ஸ் இறங்கியதைப் போலவே இதுவும் முடிந்த பிறகுதான் அவருக்கு வந்து சேர்ந்தது.

பீரோவிலிருந்து நகலை எடுத்து வந்தேன். "முழு சம்மதத்துடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்" என்ற இடத்தில் அத்தை கையமர்த்தினார். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஈரம் காயாத பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவனும் வீட்ல இருப்பான். தம்பியையும் வரச் சொல்றேன். அப்ப இதை ஒரு தடவை சத்தமா வாசிம்மா."