நாயோடு போனால்தான் தெரியும் திருச்சி ரோடு

கோவையிலிருந்து சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர் போகும் சாலைக்கு அரசாங்கக் கணக்கில் எண் மாறிவிட்டது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 67. நாடு முழுக்க எண்களை 2010-ல் மாற்றியமைத்த பிறகு 81. நம்மவர்களுக்கு அது எப்போதும் 'திருச்சி ரோடு'தான். கோவையிலிருந்து கரூர் சுமார் 130 கிலோமீட்டர். காரில் போனால் மூன்று மணி நேரம். அந்தத் தூரத்தைப் போன ஆடி மாதம் ஒரு சின்ன வேனில், மணி என்ற நாட்டு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐந்து நாளில் கடந்தேன்.

வேனில் பெரிய வசதி எதுவும் இல்லை. பின்சீட்டை மடக்கிவிட்டு மேலே ஒரு பலகை, அதன்மேல் மெத்தை. இரண்டு குடம் தண்ணீர், ஒரு சின்ன அடுப்பு, நாய்க்கு ஒரு சங்கிலியும் வட்டலும். வெளிநாடுகளில் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியிலேயே மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1960-ல் ஒரு லாரியின் மேல் சின்ன அறை கட்டி, சார்லி என்ற தன் நாயோடு அந்த நாட்டையே சுற்றி வந்து புத்தகம் எழுதினார். அங்கே 1926-ல் எண் கொடுக்கப்பட்ட '66-ம் நம்பர்' சாலையை 1985-ல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும், பழைய சாலை என்பதற்காகவே இன்றும் அதில் ஆட்கள் வண்டி ஓட்டிப் போகிறார்கள்.

நாய் கூட இருந்தால் ஒரு லாபம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை இறக்கி நடக்கவிட வேண்டும். நாம் நிறுத்த நினைக்காத இடத்தில் எல்லாம் அது நிறுத்த வைக்கும். காரில் பறக்கும்போது கண்ணில் படாத கல், குளம், வேலி, பட்டி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

பெருவழியின் கல்

இந்தச் சாலையின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கோவைக்கு மேற்கே போக வேண்டும். சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். 'இராசகேசரிப் பெருவழி' என்று அந்த வழியின் பெயரையே சொல்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டையும் கொங்கையும் இணைத்த வழி அது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி என்றால் இந்தக் கணவாய்தான். மாட்டு வண்டியும் பொதி மாடும் மலை ஏறாமல் கடலோரத்துக்குப் போய்வர இது ஒன்றே வசதியான வழி. அதனால்தான் கோவையை ஒட்டிய வெள்ளலூரிலும் கிழக்கே கரூர் அமராவதி ஆற்று மணலிலும் ரோமானியக் காசுகள் கிடைத்தன. பல்லடம் தாண்டிக் கொஞ்சம் வடக்கே விலகினால் திருப்பூர்–காங்கேயம் சாலையில் படியூர் வருகிறது. நீலப் பச்சைக் கல் எடுத்த ஊர் இது. இன்னும் வடக்கே, நொய்யல் கரையில், இரும்பு உருக்கியதற்கும் மணி செய்ததற்கும் அகழாய்வில் சான்று கிடைத்த கொடுமணல். காசும் கல்லும் இந்த வழியில் போனது மாட்டின் முதுகில்தான்.

மாடு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும், எங்கே தண்ணீர் குடிக்கும், எங்கே நிழலில் படுக்கும் என்ற கணக்கில்தான் பழைய வழிகள் அமைந்தன. கிளைச் சாலைகளில் இன்றும் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். தலைச்சுமையை இறக்கி வைக்க ஆள் உயரத்தில் நட்ட கல் அது. மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கல்லும் சில ஊர்களில் மிச்சம் இருக்கிறது. சாலையோரப் புளிய மரங்கள் அகலப்படுத்தும் வேலையில் பல இடங்களில் போய்விட்டன. மிச்சம் இருக்கும் மரங்களின் புளியை இன்றும் ஏலம் விடுகிறார்கள்.

காற்றும் தண்ணீரும்

ஆடி மாதம் இந்தச் சாலையில் வண்டி ஓட்டினால் கணவாய்க் காற்றின் பலம் கைக்குத் தெரியும். உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே வெறும் காற்றாகத்தான் வந்து சேர்கிறது. கோவையில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கிழக்கே போகப் போக நிலம் இன்னும் காய்கிறது. மழை தராத அந்தக் காற்றில்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன.

சூலூரில் நொய்யல் தண்ணீரில் நிரம்பும் குளத்தின் கரையில் மணியை நடக்க விட்டேன். குளத்தைத் தாண்டினால் ஆற்றுத் தண்ணீரை நம்பிய வெள்ளாமை குறைந்து, கிணறும் போர்வெல்லும் வருகிறது. பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தமும் கறிக்கோழிப் பண்ணைகளும். அதற்குப் பிறகு பி.ஏ.பி. வாய்க்கால். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் ஆயக்கட்டு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அதை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வெள்ளகோவில் கிளைக் கால்வாயின் கடைமடையில் இருப்பவர்களுக்கு முறை வந்தாலும் தண்ணீர் முழுசாக வந்து சேராத குறை பல காலமாக உண்டு.

தண்ணீர் வராத இடத்தில் மனிதர்கள் என்ன செய்து பிழைத்தார்கள் என்பதற்குப் பதில்தான் காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடு.

கொறங்காடு

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் வேலிதான் முதலில் கண்ணில் படும். கல் வேலியோ கம்பி வேலியோ அல்ல, உயிர்வேலி. கிளுவைப் போத்தை நெருக்கமாக நட்டு வளர்த்த வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். நடுவே அங்கங்கே வெள்வேல மரம். புல் மேய்ச்சலுக்கு, மரம் நிழலுக்கு, வேலங்காய் ஆட்டுத் தீனிக்கு, வேலி காவலுக்கு. உழவு இல்லை, பாசனம் இல்லை. ஒரு மழை பெய்தால் புல் துளிர்த்துவிடும்.

காங்கேயம் மாடு உருவானது இந்தக் காட்டில்தான். கன்று பிறக்கும்போது செவலை. வளர வளர நிறம் மாறிச் சாம்பல் ஆகும். காங்கேயம் பக்கத்தில் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை இந்த மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர் சமயத்தில், சித்திரையில், மாட்டுத்தாவணி கூடும். உழவுக்கும் வண்டிக்கும் மாடு வேண்டாம் என்று ஆன பிறகு, கொறங்காட்டை வைத்திருப்பவர்களுக்குக் கையில் காசு தருவது பெரும்பாலும் செம்மறி ஆடுதான். மேச்சேரி, மயிலம்பாடி ஆடுகளைக் காலையில் காட்டுக்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும். மேய்க்க ஆள் வேண்டியதில்லை. சாயங்காலம் பட்டியில் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டிலும் நடத்த முடிந்த தொழில் இது. பெண்ணின் கல்யாணம், பையனின் காலேஜ் ஃபீஸ் என்று திடீர்ச் செலவு வந்தால் நாலு குட்டியைப் பிடித்து விற்றுச் சமாளித்தார்கள்.

பட்டியில் இருக்கும் பயம்

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. காங்கேயம் தாண்டிய பிறகு எந்த ஊரில் நிறுத்தினாலும், ஆட்கள் என்னைப் பார்க்கும் முன்பு மணியைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளகோவிலுக்கு முன்னால் ஒரு கிளைச் சாலையில் வேப்ப மர நிழலில் வேனை நிறுத்தினேன். எதிரே கொறங்காடு. ஒரு ஆத்தா வேகமாக வந்தார்.

"ஏனுங்க, அந்த நாயி உங்களுதுங்களா?"

"ஆமாங்காத்தா. சங்கிலி போட்டிருக்குதுங்க."

"சரீங்க. அவுத்து மட்டும் உட்றாதீங்க கண்ணு. போன மாசம் ஒரே ராத்திரில பதினோரு உருப்படி போச்சுங்க. தின்னுருந்தாக்கூடப் பரவால்ல, கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு."

அவர் சொன்னது அந்தப் பகுதி முழுக்க நடப்பதுதான். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை, தாராபுரம் பக்கம் சில வருடங்களாகத் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொல்கிறது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்திருக்கிறார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 2025-ல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது.

நாய் பசிக்கு மட்டும் கொல்வதில்லை. கூட்டமாகச் சேர்ந்துவிட்டால், ஓடுவதைத் துரத்திக் கடிப்பது அதன் இயல்பு. பட்டிக்குள் அடைபட்ட ஆடு ஓட இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மிதிபட்டும் சாகும். தப்பிப் பிழைத்த சினை ஆடு குட்டியை வீசிவிடும். செத்த ஆட்டின் எண்ணிக்கை மட்டுமே நஷ்டம் அல்ல.

இதற்கும் சாலைக்கும் சம்பந்தம் உண்டு. ஊருக்கு வெளியே சாலையோரத்தில் இறைச்சிக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நாய்க்கூட்டம் அங்கே வளர்கிறது. வீட்டில் வேண்டாத குட்டிகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கழிவு கிடைக்காத நாளில் அந்த நாய்கள் காட்டுக்குள் நுழைகின்றன. காடு சைட்டாக மாறி, கிளுவை வேலி அங்கங்கே அறுந்து கிடக்கும் இடத்தில் நுழைவது இன்னும் சுலபம். 2023-ல் வந்த நாய் இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து தடுப்பூசி போட வேண்டியது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. மாநகராட்சிகளில் அதற்கு மையங்கள் இருக்கின்றன. கிராம ஊராட்சிகளில் அந்த வசதி மிகக் குறைவு. ஆடு இருப்பதோ கிராமத்தில்.

மாட்டுக்குத் தண்ணீரும் நிழலும் பார்த்துப் பார்த்து அமைத்த வழி இது. அதே வழியின் ஓரத்தில் நாம் கொட்டுவதும் விடுவதும் இப்போது கொறங்காட்டையே காலி செய்கிறது. ஆடு வளர்க்க முடியாது என்றால் கொறங்காட்டை வைத்திருக்கக் காரணம் இல்லை. கொறங்காடு போனால் புல்லும் வேல மரமும் காங்கேயம் மாடும் சேர்ந்தே போகும்.

ஆடு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. வேலியில் விட்டுப்போன இடத்தைக் கிளுவைப் போத்து நட்டு அடைக்க வேண்டும். அது நெருங்கும்வரை முள்ளோ கம்பி வலையோ வைக்கலாம். ராத்திரிப் பட்டிக்கு ஆறடி உயரக் கம்பி வலையும் ஒரு விளக்கும் அவசியம். ஆடு கடிபட்டுச் செத்தால் உடனே புதைத்துவிடாமல் போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் வரவழைத்துக் காட்டுங்கள். சான்று இல்லாமல் இழப்பீடு கேட்க முடியாது. உயிரோடு இருக்கும் ஆட்டின் காயத்தைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெறிநோய் ஆட்டுக்கும் வரும்.

நாயோடு கிளம்புகிறவர்களுக்கு

நாயோடு வண்டியில் தங்கிப் பயணம் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

* பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கழற்றி மாட்டக்கூடிய பலகையும் மெத்தையும் போதும்.

* வண்டிக்குள் அடுப்பு எரியும்போதோ இன்ஜின் ஓடும்போதோ கதவை மூடிக்கொண்டு தூங்கக் கூடாது. நச்சுப் புகை உயிரை எடுக்கும்.

* வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாயை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கால் மணி நேரத்தில் உள்ளே வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது.

* மத்தியானம் தார் ரோட்டில் நடக்க விடும் முன்பு புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துவிடும்.

* வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு, அந்த அட்டையை வண்டியிலேயே வையுங்கள்.

* யாரையாவது நாய் கடித்தால், பிராண்டினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும்.

* மதுக்கரை, நவக்கரை அடிவாரத்தில் ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்காதீர்கள். யானை நடமாடும் இடம். பெட்ரோல் பங்க், கோயில் மைதானம் போன்ற இடத்தில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

* மிச்சச் சோற்றையும் எலும்பையும் சாலையோரத்தில் கொட்டாதீர்கள். ஒரு பையில் கட்டி ஊர்க் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோங்கள்.

* கொறங்காடு கண்ணில் பட்டால் நாயின் சங்கிலி உங்கள் கையில் இருக்கட்டும். "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று பட்டிக்காரரிடம் சொல்வதைவிட, சங்கிலியைக் காட்டுவதே அவருக்குத் தரும் மரியாதை.