ஏரியின் சூடும் ஏரியின் மட்டமும்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் அக்டோபர் முடியும் தறுவாயில் எல்லார் பேச்சிலும் ஓர் எண் வந்து சேரும். ஈரி ஏரித் தண்ணீர் இன்று எத்தனை டிகிரி என்பதுதான் அது. நகரக் குடிநீர் நிலையத்தில் 1927 முதல் நாள்தோறும் அதைக் குறித்து வருகிறார்கள். திருவாலங்காட்டில் வளர்ந்த எனக்கு இந்தப் பழக்கம் அந்நியமாகப் படவில்லை. ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் நாளிதழைப் பிரித்ததும் தேடுவது பூண்டி ஏரியின் நீர்மட்டத்தை. முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்பது சிறுவர்களுக்கும் மனப்பாடம். அதில் இன்று எவ்வளவு என்பதை அப்பா வாய்விட்டுப் படிப்பார்.

இங்கே ஏன் நீரின் சூட்டைக் கேட்கிறார்கள்? வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர். கோடையில் வாங்கிய வெப்பத்தை நவம்பரிலும் வைத்திருக்கும். அந்த நேரத்தில் கனடாப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்குகிறது. ஏரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே உள்ள காற்று, ஏரி நீரைவிட 13 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிட்டால் போதும், நீரிலிருந்து எழும் ஈரமும் வெப்பமும் மேகமாகத் திரண்டு கரையேறிப் பனியாகக் கொட்டும். காற்று தென்மேற்கிலிருந்து ஏரியின் நீளவாக்கில் வீசினால் ஏறக்குறைய 390 கிலோமீட்டர் தூரம் ஈரம் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தப் பாதையின் கிழக்கு முனையில் இருப்பது பஃபலோ. ஏரி உறைந்துவிட்டால் ஈரம் கிடைக்காமல் இந்தப் பனி அடங்கிவிடும். ஆகவே எங்களுக்குப் பயமெல்லாம் நடுக்குளிர்காலத்தைவிட இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில்தான்.

வங்கக் கடல்மேல் வடகிழக்குக் காற்று ஈரம் அள்ளிவந்து நம் கரையில் இறக்குவதும் இந்தக் கணக்கில்தான். இது புரிந்த நாளிலிருந்து இந்த ஊரின் நவம்பர் எனக்கு நெருக்கமாகிவிட்டது. இரண்டு இடத்திலும் தண்ணீர் கோடையில் சேர்த்த வெப்பத்தைக் காற்று வந்து எடுத்துப்போகிறது. ஒரு இடத்தில் அது சம்பா வயலில் மழையாக விழுகிறது, இன்னொரு இடத்தில் வாசலை அடைக்கும் பனியாக.

2014 நவம்பர் 17 முதல் இங்கே விழுந்த பனியை யாரும் மறக்கவில்லை. நகரின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள ஊர்களில் ஐந்தடிக்கு மேல். வடக்கே சில அங்குலம்தான். நான் வடக்குப் பக்கம். எங்கள் தெருவில் நின்றால் தெற்கே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் மேகம் நின்றது, எங்கள் தலைக்குமேல் வெயில். அந்தச் சுவருக்குள் நெடுஞ்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வண்டியிலேயே இரவைக் கழித்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2022 நவம்பரில், நகருக்குத் தெற்கே உள்ள ஆர்ச்சர்ட் பார்க்கில் இரண்டு மீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த முறை பனி தொடங்கும் முன்பே லாரிகளை நெடுஞ்சாலையில் ஏறவிடாமல் நிறுத்தினார்கள். எந்த ஊரை, எத்தனை மணிக்குப் பனிப்பட்டை தொடும் என்று முன்னறிவிப்பு பெயர் சொல்லி எச்சரித்தது. ஏரிக்கரையில் வாழ்கிறவருக்கு வேண்டியது இப்படிப்பட்ட அறிவிப்பு.

பருவம் முழுவதற்கும் சொல்லும் முன்னோட்டம் வேறு வகை. இயல்பைவிடக் கூடுதலா, குறைவா என்று மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாய்ப்பு சொல்வார்கள். இந்திய வானிலைத் துறையும் வடகிழக்குப் பருவமழைக்கு அப்படித்தான் சொல்கிறது. நான் இரண்டையும் படிக்கிறேன், பசிபிக் கடலின் நிலவரம் இரண்டிலும் வருவதால். அந்தக் கடல்நீர் இயல்பைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் போக்கு உண்டு. பேரேரிப் பகுதியில் குளிர் தணியும் போக்கு உண்டு. 2015இல் இரண்டும் நேரில் தெரிந்தன. டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், சென்னை மூழ்கியது. பஃபலோவில் அந்த ஆண்டு அளக்கும்படியான முதல் பனி டிசம்பர் 18இல்தான் விழுந்தது. அத்தனை தாமதம் இங்கே பதிவில் இல்லை. வறண்ட வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டபடியே இருந்தேன்.

"ஏம்பா, அங்க பனி விழுந்திடுச்சா? இங்க வானம் மூடிக்கினு இருக்குது, தரைப்பாலம் போச்சு" என்றார் அம்மா.

அந்தத் தரைப்பாலத்தைப் பற்றி எந்தப் பருவ முன்னோட்டமும் பேசுவதில்லை. சிவப்பு எச்சரிக்கை மாவட்டத்துக்கு வருகிறது. கடலோரப் பழவேற்காடும் உள்ளே தள்ளியிருக்கும் திருவாலங்காடும் ஒரே மாவட்டம். மழையோ கரையில் கொட்டி உள்ளே வரவரக் குறையும் நாளும் உண்டு, கரையைத் தாண்டி மேற்கே போய்க் கொட்டும் நாளும் உண்டு. எங்கள் பக்கத்து வெள்ளமோ எங்கள் தலைக்குமேல் பெய்ததாகவே இருக்க வேண்டியதில்லை. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் கேசவரம் அணைக்கட்டு வழியே கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும். வடக்கே நகரி, பள்ளிப்பட்டுப் பக்கத்து மலைத் தண்ணீர் தனி. இரண்டும் பூண்டியில் சேர்கின்றன. பூண்டி மதகைத் திறக்கும்போது வினாடிக்கு எத்தனை கன அடி என்று கீழே உள்ள ஊர்களுக்கு அறிவிக்கிறார்கள். அது நல்ல வழக்கம், உயிர் காக்கும் வழக்கம். பூண்டிக்கு மேலே இருப்பவர்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் ஆசை. காவேரிப்பாக்கம் கலங்கல் போகிறது, இன்ன நேரத்தில் தண்ணீர் உங்கள் ஊரைத் தொடும், பால் வண்டியும் பள்ளி வண்டியும் தரைப்பாலத்தில் இறங்க வேண்டாம் என்று ஊர்ப்பெயர் சொல்லி ஒரு வரி வந்தால் போதும்.

இதை ஊரில் தம்பி முறையுள்ளவனிடம் சொன்னேன். அவன் கேசவரத்துப் பக்கம் இருக்கும் தன் மாமனார் வீட்டில் பேசி வைத்திருக்கிறான். அணைக்கட்டில் தண்ணீர் ஏறினால் அவர் போன் செய்வார். இவன் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வருவான். எனக்கும் ஒரு தகவல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், எத்தனை மணியானாலும்.