இங்ஙனம், தங்கள் அன்பு மாணவர்கள்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கையெல்லாம் பசைதான். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். 2010 வரை அது செப்டம்பர் 1ஆம் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கொண்டாட்டத்தை முதல் நாளே பள்ளியில் முடித்துவிடுவார்கள். ஆசிரியர்கள் விலையுயர்ந்த பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும், பிள்ளைகள் கையால் செய்த நன்றி அட்டைக்கு இருக்கும் மதிப்பு குறைந்திருக்காது.

என் அண்ணன் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். தமிழாசிரியைக்கு அட்டை செய்யும் பொறுப்பு அவளுடையது. பாப்புலர் கடையில் மஞ்சள் வான்கார்ட் ஷீட் ஒன்று வாங்கிக்கொண்டு, மற்ற சாமான்களுக்கு என்னைத் தேக்காவுக்கு இழுத்துப் போனாள். கேம்பல் லேன் கடைகளில் அவள் தேடியது சரிகை நாடா, கோலம் ஒட்டுப்படம், ஒட்டும் பொட்டு. பெரிய சிவப்புப் பொட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் சின்னப் பொட்டுகளை ஒட்டினால் பூ. அப்படிப் பூப்பூவாக ஓரம் கட்டினாள். மேலே ஆசிரியையின் பெயர், பெரிய எழுத்தில். நடுவில் எட்டு வரி. கீழே வகுப்பில் தமிழ் படிக்கும் எல்லோருடைய பெயரும். அட்டையை மடிக்கவில்லை.

“மடிச்சா எப்படி அத்தை நின்னு வாசிக்கிறது?” என்றாள். ஒருவர் உரக்க வாசித்த பிறகுதான் கையில் கொடுப்பார்களாம். ஏன் அப்படி என்று கேட்டேன். “எப்பவும் அப்படித்தான்.”

அந்த ‘எப்பவும்’ எனக்குள் தங்கிவிட்டது. எப்போதிலிருந்து?

நன்றி அட்டைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பூர்வீகம் இங்கிலாந்துதான். 1840இல் பென்னி தபால் வந்தது. அந்தச் சீர்திருத்தத்தில் பங்கெடுத்த ஹென்றி கோல், 1843இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று வரையச் சொல்லி, ஏறத்தாழ 1,000 படி அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். பிறகு வண்ணக் கல்லச்சு வந்து அட்டை பெருந்தொழிலாயிற்று. ஆனால் அந்த அட்டை ஒருவர் காசு கொடுத்து வாங்கி இன்னொருவருக்குத் தபாலில் அனுப்புவது. பிரித்துப் படிக்கும் வரை உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. வகுப்பே சேர்ந்து எழுதி, எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கொடுக்கும் மஞ்சள் ஷீட்டுக்கும் அதற்கும் முகச்சாயலே இல்லை.

விடை தோ பாயோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீவக வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. அவர் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி இன்று இல்லை. தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசியில் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982இல் மூடிய கதை சிங்கப்பூர்த் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வேறு பள்ளிக்கு மாறிப் போனபோது மாணவர்கள் கொடுத்த பிரியாவிடை மடல் அது.

“கழற்றிப் பாருங்கம்மா, பரவாயில்லை” என்றார். மேசையில் கிடத்திப் பார்த்தேன். கறுப்பு மரச்சட்டம். தடித்த வெள்ளைத் தாளில் பென்சிலால் கோடு போட்டு எழுதி, பிறகு அழித்திருக்கிறார்கள். சாய்த்துப் பார்த்தால் கோட்டின் தடம் இன்னும் தெரிகிறது. எழுத்து இந்தியன் மையில். கரிப்புகையால் ஆன அந்த மை இம்மியும் வெளுக்கவில்லை. ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக மாங்காய்க் கொடி. ஆசிரியரின் பெயர் மட்டும் பொன் வண்ணத்தில். ஆனால் அது தங்கமல்ல, செம்பு கலந்த உலோகத் தூள். ஆண்டுகள் போனதில் பழுப்பேறி, சுழிகளின் ஓரத்தில் பச்சை கட்டியிருந்தது. நடுவில் விருத்தப்பா இரண்டு, அதன்கீழ் உரைநடையில் நன்றி. கடைசியில் ‘இங்ஙனம், தங்கள் அன்பு மாணவர்கள்’ என்று தொடங்கி இரண்டு பத்தியாகப் பெயர்கள்.

பெயர், ஓரம், நடுவில் நன்றி, கீழே பட்டியல். பொட்டுக்குப் பதில் மாங்காய்க் கொடி, அவ்வளவுதான்.

“வாசித்தார்களா ஐயா?”

“வாசிக்காமல் கொடுப்பார்களா? வாசித்து, மாலை போட்டு, அப்புறம்தான் கையில் கொடுப்பார்கள்.”

எழுதியவர் யாரென்று கேட்டேன். மாணவன் ஒருவனின் தந்தை, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர் என்றார்.

அங்கிருந்து தேடல் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்குப் போனது. நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களைத் தேடினால், மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கும் ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கும் ‘அட்ரெஸ்’ வாசித்தளித்த செய்திகள் மலிந்து கிடக்கின்றன. நம்மவர்கள் அதை உபசாரப் பத்திரம் என்றார்கள். வரவேற்கும்போது கொடுத்தால் வரவேற்புப் பத்திரம். 1901 ஏப்ரலில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் கோமகனாக சிங்கப்பூர் வந்து இறங்கியபோது, இங்கிருந்த சமூகங்கள் இப்படிப்பட்ட பத்திரங்களை அவருக்கு அளித்தன. வண்ணமும் பொன்னும் தீட்டி, கையால் எழுதி, வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுப்பது விக்டோரியா காலத்து முறை.

அந்த முறைக்கும் ஒரு மூலம் உண்டு. ஐரோப்பிய மடங்களில் துறவிகள் தோல் ஏடுகளில் பொன் தீட்டி எழுதிய கலையை, 19ஆம் நூற்றாண்டு நடுவில் இங்கிலாந்தில் மறுபடி உயிர்ப்பித்தார்கள். ஓவன் ஜோன்ஸ் 1856இல் உலக நாடுகளின் அலங்கார வடிவங்களைத் தொகுத்துப் பெரும் நூலாக வெளியிட்டார். அதில் இந்திய வடிவங்களும் இடம்பெற்றன. வண்ணம் விற்ற வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனம் வீட்டிலிருந்தே பழகுவதற்குக் கையேடு போட்டது. பொன்தூளைக் கருவேலம் பிசினில் குழைத்துச் சிப்பி ஓட்டில் வைத்திருப்பார்களாம்.

தமிழர் கைக்கு வந்ததும் இந்தப் பத்திரம் ஆளே மாறிவிட்டது. என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். ஆள்பவருக்கு மட்டும் கொடுத்ததை நம்மவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது ஊர் ஊராக வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தார்கள், சிங்கப்பூரிலும் அப்படியே. 1934இல் தமிழ்நாட்டில் அரிசனப் பயணம் செய்த காந்தி, தமக்குக் கொடுத்த பத்திரங்களையும் பேழைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார். ஆங்கிலத்தில் உரைநடையாக இருந்தது தமிழில் விருத்தமாயிற்று. கல்யாண வீட்டில் வாழ்த்து மடலாக நுழைந்தது. பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை மடலாயிற்று. பரிசில் பெற்ற பாணன் வழியில் கண்ட இன்னொருவனிடம் வள்ளலைப் புகழ்ந்து அனுப்பும் ஆற்றுப்படை பிறந்த மொழி இது. அதற்கும் பிரியாவிடை மடலுக்கும் நேர்க்கோடு போட மாட்டேன். ஆனால் பலர் அறிய நன்றி சொல்வது நமக்குப் பழக்கப்பட்ட காரியம் என்பதால்தான் அந்நியர் கொண்டுவந்த காகிதம் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

சீன, மலாய்ப் பிள்ளைகளும் இதே மாதிரி ஷீட்டுகளைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் அவரவர் வழி இருக்கும். உபசாரப் பத்திரம் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவாக இருந்த ஊர் இது. 2020 பிப்ரவரியில் கொவிட் பரவத் தொடங்கியபோது மருத்துவமனைத் தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் பிள்ளைகள் எழுதிய நன்றிக் குறிப்புகளைச் சுவர்களில் ஒட்டினார்கள். மேடை போட முடியாத காலத்தில் அந்தச் சுவரில் ஒட்டியதுதான் வாசித்தளித்தல்.

சட்டத்துக்குள் இருந்த மடலைப் பார்த்த பிறகு அண்ணன் மகளிடம் ஒன்றைச் சொன்னேன். சாய மையில் எழுதியது வெளிச்சம் பட்டால் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் ஆர்ட் ஃபிரெண்டில் நிறமி மைப் பேனா கிடைக்கும். வாங்கிக்கொண்டாள். பெயர்களை மறுபடி எழுதினாள். ஆசிரியையின் பெயரை மட்டும் சரிகை நாடாவில் வளைத்து வளைத்து ஒட்டினாள். ‘ழ’கரச் சுழியில் நாடா மடங்கிக்கொண்டு படுத்தியது, ஈரமான துணியால் சற்று நீவிப் பணிய வைத்தாள்.

தோ பாயோ ஆசிரியரிடம், அவருடைய மடலை நூலகத்துக்குக் கொடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். தன் காலம் முடியட்டும் என்றார். படம் எடுத்துக்கொள்ள விட்டார். அதில் உள்ள பெயர்களுக்கு உரியவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். பெயர்ப்பலகை எழுதிய அந்தத் தந்தை வேறு எந்தெந்த மடலை எழுதினார் என்று அவர்கள் வழியாகத்தான் தெரியவரும். இப்படிப்பட்ட மடல் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இருந்தால், பாட்டை மட்டும் படம் எடுக்காதீர்கள். கீழே உள்ள பெயர்ப் பட்டியலையும் தேதியையும் சேர்த்து எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், மை கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் போதும்.