மூட்டு

ஜூலை 13
மூட்டு ஆபரேஷனுக்குப் பெட்டி கட்டியாச்சு. எதிர்வீட்டு மதினி வந்து உட்கார்ந்து தன் மூட்டு ஆபரேஷன் கதை. "உசிரு போயிட்டு வரும் தாயி." போகச் சொல்ல வாய் வரவில்லை. கால் இப்போதே வலிக்கிறது.

ஜூலை 14
மருமகனுக்குப் போன். மயக்கவியல் படிக்கிறானே, உள்ளதைச் சொல்லட்டும். "முதல் ரெண்டு நாள் நல்லா வலிக்கும் அத்தை. மருந்து கேட்டு வாங்குங்க. மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்துங்க." 1964இல் எக்பெர்ட் என்கிற டாக்டர், வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரில் ஒரு பாதிக்கு இதையே முன்கூட்டிச் சொல்லிவைத்தாராம். அவர்களுக்கு வலிமருந்து பாதியே போதுமென்று ஆனதாம்.
தூக்கம் வந்தது.

ஜூலை 16
முடிந்தது. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.

ஜூலை 17
வலி. பத்துக்கு எத்தனை என்கிறார்கள். எட்டு. ஒன்பது. எழுத முடியல.

ஜூலை 18
பகல் நர்ஸ் வாய் திறப்பதில்லை. லைனில் மருந்தைத் தள்ளிவிட்டுப் போகிறாள். இரவு வரும் பிள்ளை, "பெரியம்மா, வலி ஊசி போடுறேன், கொஞ்ச நேரத்துல அடங்கிரும்" என்கிறாள். அடங்குகிறது. சீட்டை வாங்கிப் பார்த்தேன். ரெண்டு வேளையும் அதே டிரமடால், அதே அளவு.

ஜூலை 19
மருமகனுக்கு ஆச்சரியமே இல்லை. இத்தாலியில் டுரின் நகரத்தில் பெனடெட்டி என்கிற ஆராய்ச்சியாளர் பார்த்தது இதைத்தானாம். டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லிப் போட்ட ஊசி ஒரு பக்கம். ஆளுக்குத் தெரியாமல் மெஷின் விட்ட அதே மருந்து இன்னொரு பக்கம். தெரியாமல் போனதற்கு அதிக டோஸ் வேண்டியிருந்தது.
கோபம். ஒரு வாய் வார்த்தைக்குக் காசா பணமா?
"என்ன போடுறேன்னு சொல்லிட்டுப் போடு தாயி" என்றேன் பகல் நர்ஸிடம். முறைத்தாள். சொன்னாள். பாவம், வார்டு முழுக்க அவள் ஒருத்தி.

ஜூலை 21
தங்கச்சி திருச்சுழிக் கோயில் திருநீறு கொண்டுவந்து பூசினாள். குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. மருமகன் சிரிக்கவில்லை. 1978இல், கடவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்குப் பேருக்குப் போட்ட ஊசியிலேயே சிலருக்கு வலி குறைந்ததாம். நலாக்ஸோன் கொடுத்ததும் திரும்பிவிட்டதாம். மார்ஃபினை முறிக்கிற மருந்து அது. அப்படியென்றால் உடம்பே உள்ளே ஏதோ சுரந்திருக்கிறது. "மனப்பிரமைன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க அத்தை." அழுகை வந்துவிட்டது.
திருச்சுழியில் பிறந்தவர்தான் ரமணர். 1949இல் இடது கையில் நாலு முறை அறுத்தார்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?
ராத்திரி வலி எட்டு. திருநீறு இருக்கும்போதே எட்டு.

ஜூலை 24
பாளையம்பட்டி வீடு. தறிச் சத்தம் கேட்டதும் பாதி உயிர் வந்தது. பிசியோ பையன் "வலிக்காதும்மா" என்று மடக்கினான். வலித்தது. அப்புறம் அவன் தொட்டாலே வலித்தது. நாள் முழுக்க.

ஜூலை 25
"சுருக்குன்னு வலிக்கும்மா. பத்து எண்ணுங்க, விட்டுருவேன்." எண்ணினேன். விட்டான். மடங்கியது 75 டிகிரி.

ஜூலை 26
மழை மூட்டம். பெய்யவில்லை. வலி ஆறு. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 28
கீழத்தெரு சித்திக்கும் அடுத்த மாசம் மூட்டு ஆபரேஷனாம். மதினி அவளைப் பார்க்கப் போகிறாளாம். அதற்கு முன்னால் நான் பேசியாக வேண்டும். வாக்கரோடு அவ்வளவு தூரம் முடியாது. ஆள் அனுப்பி வரச் சொல்லியிருக்கிறேன். வலிக்கும் என்றே சொல்வேன். எப்போது, எவ்வளவு, எதைக் கேட்டு வாங்கவேண்டும், எல்லாம்.
இன்றைக்கு 80. வீக்கம் அப்படியே.